தகர மூடி அடித்த காலம்

எழுபதுகளின் நடுவில், லிட்கம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த சாப்பாடு அடைக்கும் தகரப்பேணிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் மூடி அடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வருடம் முன்புவரை யாழ்ப்பாணத்தில் பூகோளம் படிப்பித்தவள். கடல் கடந்து வந்த இந்த நாட்டில் என் சான்றிதழை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. கணவர் இந்த நாட்டு டொக்டர் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே வேலைக்குப் போனது நான்.

முதல் நாளே என்னை மெஷின் முன்னால் நிறுத்தினார்கள். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கிற பச்சைப் பொத்தான்களை இரண்டு கையாலும் ஒன்றாக அமத்த வேண்டும். உடனே மேலேயிருந்து இரும்புக் கட்டை ‘டங்’ என்று இறங்கி மூடியை வெட்டும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் அது இறங்கும். கை தப்புவதற்கான ஏற்பாடு அது.

இரண்டாம் கிழமை ஃபோர்மன் வந்தார். இடதுபக்கப் பொத்தானை அமத்தி, அதன்மேல் கறுப்பு டேப்பை இறுக்கி ஒட்டினார்.

“இனி இடது கையால் தகட்டை வை, வலது கையால் அமத்து. வேகமாகச் செய்யலாம். எல்லோரும் இப்படித்தான்.”

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். எல்லா மெஷினிலும் டேப் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லப் பயம். வேலை செய்யவும் பயம். தகடு வைத்த கையை வெளியே எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் நின்ற கிரேக்க அம்மாவுக்கு இடது கையில் சுண்டுவிரல் இல்லை. எப்படிப் போனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“இஞ்சேரும், ஏன் சாப்பிடாமல் கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறீர்?” என்று அன்றிரவு வீட்டில் கணவர் கேட்டார்.

“ஒண்டுமில்லையப்பா. தகரம் கீறிப்போட்டுது.”

அவருடைய சோதனைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

டேப் ஒட்டிய நாலாம் நாள், காலைத் தேநீருக்குச் சற்று முன்பு, நான் பொத்தானைத் தொடாமலே கட்டை இறங்கியது. இடது கை உள்ளே இருந்தது. இழுத்தேன், வரவில்லை. கட்டை மேலே எழும்ப, நான் பின்பக்கமாக விழுந்தேன். கையுறையின் நடுவிரல் நுனி அறுந்து தகட்டோடு கிடந்தது. ரத்தத்தைத் தேடினேன். இல்லை. அங்கே கொடுக்கும் தோல் கையுறைகள் ஆண்களின் அளவு. என் விரலுக்கு அப்பால் அரை அங்குலம் வெறும் தோல்தான்.

கிரேக்க அம்மா ஓடிவந்து மெஷினை நிறுத்தினார். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு தன் கையைக் காட்டி, “என் கையுறை எனக்கு அளவாக இருந்தது,” என்றார்.

ஃபோர்மன் வந்தார். “விரல் இருக்கிறதல்லவா? வேலையைத் தொடங்கு.”

வேலை போய்விடும், கணவருடைய படிப்பு என்னாகும் என்றெல்லாம் மனதில் ஓடியது. ஆனாலும் கை முன்னே போக மறுத்தது.

“டேப்பைக் கழற்றுங்கள். மெக்கானிக் பார்க்கட்டும். அதுவரை தொடமாட்டேன்.”

துணிச்சலில் சொன்னதல்ல. ஃபோர்மன்மேல் இருந்த பயத்தைவிட அந்த மெஷின்மேல் பயம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

“அப்படியென்றால் வீட்டுக்குப் போ.”

கிரேக்க அம்மா தன் மெஷினுக்குப் போய், டேப்பைக் கிழித்து உருட்டி ஃபோர்மனின் காலடியில் போட்டார். “நானும் போகிறேன்.” அடுத்து ஒரு லெபனான்காரி கிழித்தாள். பிறகு வரிசை முழுவதும் அந்தச் சத்தம்தான்.

ஃபோர்மன் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். உள்ளே கட்டையைப் பிடித்துவைக்கும் சுருள்வில் ஒன்று உடைந்திருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. புது வில் போட்டபின் இரண்டு கையாலும் அமத்திப் பொழுதுபடும்வரை வேலை செய்தேன். ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினேன்.

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டு, “நாளைக்குப் போகவேண்டாம்,” என்றார்.

“போறன். ஆனால் டேப் ஒட்ட விடமாட்டன்.”

மறுநாள் லிட்கம்மில் ரயிலை விட்டு இறங்கி, பிளாட்பார ஓரத்தில் வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு போனேன்.

இரண்டு மாதத்தில் சில மெஷின்களில் டேப் திரும்ப வந்தது. என்னுடையதில் ஒட்ட விடாததால் என்னை ஃபோர்மன் பெட்டி அடுக்கும் பகுதிக்கு மாற்றினார். தண்டனையாகத்தான் செய்திருப்பார். அங்கே மெஷின் இல்லை. அன்று மத்தியானம் கொண்டுபோன சோறு முழுவதையும் சாப்பிட்டேன்.