கூட்டமே இல்லாத கடற்கரை

செக்கிங் அம்மா பஸ்ஸில் ஏறினாலே, டிக்கெட் வாங்கினவனும் ஒரு தடவை சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வான். அவள் யாரையும் அதட்டமாட்டாள். முகத்தைப் பார்ப்பாள், டிக்கெட்டைப் பார்ப்பாள், மறுபடியும் முகத்தைப் பார்ப்பாள். அந்த இரண்டாவது பார்வையில் திருட்டு ஆசாமி தானாகவே எழுந்து நின்றுவிடுவான்.

வேலையில் இருக்கிற புத்தி வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா என்ன? கூடவே உள்ளே வரும். காய்ச்சல் என்று புருஷன் படுத்தால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அப்புறம் ஒத்துப்பார்க்கத் தன் நெற்றியையும் தொட்டுக்கொள்வாள். "என்ன, நம்பலையா?" என்று கேட்டால், "சே, சும்மா" என்பாள்.

அந்தப் புருஷன் ஸ்டூடியோக்காரர். மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கும் சாவி போடும் கடைக்கும் நடுவில், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற ஒரு ஸ்டூடியோ. பகல் பூராவும் பாஸ்போர்ட் போட்டோதான். "தாடையை இறக்குங்க. சிரிக்காதீங்க. அசையாதீங்க." சொல்லிச் சொல்லிப் பழகி, சாப்பிடும்போது எதிரில் இருக்கிறவர் தலை சாய்ந்திருந்தாலும் நிமிர்த்தி வைக்க அவர் கை பரபரக்கும்.

விடியும் முன்னால் மட்டும் அவர் வேறு ஆள். கேமரா ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். கடலைப் படம் எடுக்கப் போகிறாராம். அந்தக் கடைசி 'ஆம்'-ஐச் செக்கிங் அம்மா வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் ஒட்டவைத்துக்கொள்வதோடு சரி.

படங்கள் என்னவோ வந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றில்கூடச் சூரியன் கிடையாது. "சூரியன் வந்துட்டா யார் வேணாலும் எடுக்கலாம்" என்பார். மேகம் மூடிய நாளாகப் பார்த்துப் போவார். அதே பாறை, அதே இடம். படத்தில் அலை அலையாக இருக்காது. பாறையைச் சுற்றி வெள்ளையாகப் புகை படுத்திருக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அவராகவே சொன்னார்: "பகல் பூரா ஜனங்களை அசையாதேன்னு அதட்டறேன். கடல் ஒண்ணுதான் என் பேச்சைக் கேக்காது. அதான் அதை அது இஷ்டத்துக்கு ஆடவிட்டு, ஆடி முடிச்ச மிச்சத்தை எடுக்கறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த செக்கிங் அம்மாவுக்கு, நன்றாகத்தான் பேசுகிறார் என்று தோன்றியது. நன்றாகப் பேசுகிற பயணியிடம்தான் முதலில் டிக்கெட் கேட்க வேண்டும் என்பது அவள் அனுபவம்.

போன மாதம் டியூட்டி மாறியது. விடியற்காலைக் கடற்கரை பஸ்ஸை அவள் தலையில் கட்டினார்கள். ஏறிப் பார்த்தால் மூச்சுவிட இடமில்லை. ஓடுகிறவர்கள், தொந்தி குறைக்க நடக்கிறவர்கள், நாயைக் கூட்டி வருகிறவர்கள், மீன் எடுக்கப் போகிறவர்கள் என்று மொத்த ஊரும் கடற்கரை ஸ்டாப்பில்தான் இறங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டூடியோ சுவரில் இருந்த படங்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடல், பாறை, வானம். ஒரு மனுஷன் இல்லை. ஒரு நாய் இல்லை.

"காலைல அங்க கூட்டம் இருக்குமாங்க?" என்று நூல் விட்டுப் பார்த்தாள்.

"என் படத்துல இருக்காது" என்றார் அவர், லென்ஸில் படிந்த உப்பைப் பழைய பனியன் துணியால் துடைத்தபடி.

கேட்டது கடற்கரையைப் பற்றி. பதில் படத்தைப் பற்றி. அவளுக்கு உள்ளே மணி அடித்தது. பஸ்ஸில் இப்படிப் பதில் சொன்னவன் எவனும் டிக்கெட் வைத்திருந்ததில்லை.

அவளுடைய தங்கச்சி பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். புருவத்துக்கு நூல் போட்டுக்கொண்டே எல்லார் வீட்டுக் கதையையும் வாங்கிவிடுவாள்.

"மாமா வேற எங்கயோ போறாருக்கா. படமெல்லாம் நெட்ல எடுத்து பிரிண்ட் போடறாரு" என்று அடித்துச் சொன்னாள்.

"அந்த மூஞ்சிக்கு எவடி கெடைப்பா?"

"உனக்குக் கெடைச்சாரே."

செக்கிங் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியூர் டிப்போவுக்கு மாற்றிப் பதவி உயர்வு தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். போறதா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். ஸ்டூடியோவைப் பெயர்த்துக்கொண்டு அவர் கூட வர முடியாது. போனால் அவள் தனியாகத்தான் போக வேண்டும். அவர் சொல்வது உண்மையானால் இருப்பது, பொய்யானால் பெட்டியைக் கட்டுவது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். தங்கச்சியிடம்கூட இதை மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. தங்கச்சியின் மழைக்கோட்டை மாட்டி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னாலேயே போனாள். சாமர்த்தியமாகச் சுற்றிப் போய், அலைதடுப்புக் கற்களின் ஓரமாக, அவர் முகம் தெரிகிற மாதிரி நின்றாள்.

அவர் ஸ்டாண்டை நட்டார். லென்ஸ் முன்னால் ஒரு கருப்புக் கண்ணாடியை மாட்டினார். கண்ணுக்கே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எவனாவது ஊசியில் நூல் கோப்பானா என்று அவளுக்குச் சந்தேகம். கேமராவிலிருந்து தொங்கின ஒயரின் பட்டனை அழுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். கேமராவுக்கு நேராக ஒரு தொந்திக்காரர் நடந்து போனார். இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு நாய் ஓடியது. 'தள்ளிப் போங்க' என்று இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது படம் எடுக்கிற லட்சணமா? நடிப்பு. யாரோ வருவதற்காகக் காத்திருக்கிறார். அந்த யாரோ வரட்டும் என்று அவளும் கண் கொட்டாமல் நின்றாள்.

யாரும் வரவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டூடியோ மேஜையில் புதுப் படம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதே பாறை, சனிக்கிழமை பார்த்த அதே மேகம். தொந்திக்காரர் இல்லை, சிரித்த பெண்கள் இல்லை, நாய் இல்லை. ஆனால் இடது ஓரத்தில், கற்களுக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் உருவம். பொம்பளை.

"இது யாரு?"

"தெரியல."

"அங்க அத்தனை பேர் இருக்க, இவ மட்டும் எப்படி வந்தா?"

"அத்தனை பேர் இருந்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பஸ்ல வர்றவ. எனக்குத் தெரியாதா? பேச்சை மாத்தாதீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "அந்தக் கருப்புக் கண்ணாடி வழியா வெளிச்சம் சொட்டுச் சொட்டாத்தான் உள்ள போகும். அதனால ரொம்ப நேரம் திறந்து வெச்சிருக்கணும். அந்த நேரத்துல நடந்து போறவங்க ஒரு இடத்துலயும் நிக்கறதில்லயா, அதனால படத்துல விழமாட்டாங்க. அலையும் அப்படித்தான் கலைஞ்சு புகையாகுது. நிக்கறது எதுவோ அதுதான் விழும்."

"கதை."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விளக்கை மங்கலாக்கினார், கருப்புக் கண்ணாடியை மாட்டினார், ஒயரை அவள் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். பாஸ்போர்ட் ஸ்டூலுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நடுவில் அவளைச் சிரிக்கவைக்க ஒரு தடவை பழிப்புக் காட்டினார். படத்தில் ஸ்டூல் இருந்தது, நீலத் திரை இருந்தது. அவரைக் காணோம். கேமராவைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தாள்.

சரி. இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. அப்படியானால் இன்னும் மோசம்.

"அப்போ இவ அவ்வளவு நேரமும் அங்கயே நின்னிருக்கா."

"ஆமா."

"படம் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடாம எதுக்குப் பிரிண்ட் போட்டீங்க?"

"முதல்ல அழிச்சிடலாம்னுதான் பார்த்தேன். மனசு வரல." அவர் படத்தைக் கையில் எடுத்தார். "இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட அங்க நின்னதில்ல. வர்றாங்க, செல்ஃபி எடுக்கறாங்க, போறாங்க. என்னை மாதிரியே அசையாம கடலைப் பார்த்துக்கிட்டு நின்ன ஒரே ஆள் இவங்கதான். பார்த்ததும் துணைக்கு ஆள் இருக்குன்னு தோணிச்சு."

இவங்களாம். மரியாதை வேறு. செக்கிங் அம்மாவுக்குக் காது சுட்டது. படத்தைப் பிடுங்கி, லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து அந்தச் சிறுக்கியை உற்றுப் பார்த்தாள். முகம் தெரியவில்லை. தலையை மூடிய கோட்டு. இடது காலை அழுத்தி ஊன்றி, வலது முட்டியை லேசாக மடக்கி, டிரைவர் எப்போது பிரேக் போட்டாலும் விழாத மாதிரி ஒரு நிற்பு.

உலகத்தில் அப்படி மணலில் நிற்கிறவள் ஒருத்திதான் இருக்க முடியும்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தன் புருஷன் இன்னொருத்தியைத் துணை என்று நினைத்துக்கொண்டிருப்பதை, அந்த இன்னொருத்தி தானாகவே இருந்தாலும், அவளால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க முடியவில்லை.

"அவ கடலைப் பார்க்கல" என்றாள். "உங்களைத்தான் பார்த்துட்டிருந்தா. அது நான்."

அவர் படத்தை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார். அப்புறம், "என்கிட்ட டிக்கெட் இருக்கான்னு பார்க்க வந்தியா?" என்றார்.

அவள் பூதக்கண்ணாடியை மேஜை மேல் வைத்தாள்.

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா சொல்லுவீங்க. எல்லாரும்தான் சொல்லுவாங்க."

அவர் விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். வீடுவரை முன்னால் நடந்தார். காலையில் அவள் எழுந்தபோது ஸ்டாண்டையும் காணோம், ஆளையும் காணோம்.

திங்கட்கிழமை கடற்கரை பஸ்ஸில் அவள் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. பயணிகளே பயந்துபோய்த் தாமாக எடுத்து நீட்டினார்கள். இத்தனை நாள் 'இவர் உண்மையானவரா' என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். 'இவருக்கு நான் இன்னும் வேணுமா' என்று கேட்டுப் பார்த்ததில்லை. கடற்கரை ஸ்டாப் வந்ததும், "ரெண்டு நிமிஷம் நில்லுப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு யூனிஃபார்மோடு மணலில் இறங்கி நடந்தாள்.

ஸ்டூடியோக்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "திறந்து வெச்சிருக்கேன். நடந்துகிட்டே இரு, இல்லன்னா நில்லு. ரெண்டுல ஒண்ணு பண்ணு."

அவள் நின்றாள். கேமரா 'டக்'கென்று மூடிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வெளியூர் டிப்போவுக்குக் கூப்பிடறாங்க. இன்னைக்குப் பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

"என்கிட்டயா கேக்கற?"

"கேட்டிருக்கலாம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க."

அவர் லென்ஸிலிருந்து கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், உறையில் போட்டார். வேண்டுமென்றேதான் மெதுவாகச் செய்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம்.

"போகாத" என்றார்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நம்பிக்கை இல்லன்னா, இன்னும் ரெண்டு நாள் கல்லுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டு முடிவு பண்ணு."

ரோட்டில் டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னலுக்கு ஒன்றாக மொத்த பஸ்ஸும் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தது. செக்கிங் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். படியில் ஏறினதும், மூச்சு வாங்க, போனில் மேனேஜரைப் பிடித்தாள்.

"நான் போகலைங்க சார். வேற யாரையாவது போடுங்க."

"ஏம்மா, நல்ல போஸ்ட்டாச்சே. வீட்ல விடலையா?"

"வீட்லதான் சார் இருக்கச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டிருந்த முன் சீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள்.