இளவரசன் வைக்காத பெயர்

அனுசுயாவிடமிருந்து ஃபோன் வந்தபோது ஜெய்சங்கர் பொன்மலை ரயில்வே பணிமனை கேன்டீனில் சாப்பிட உட்காரப் போனான். அவன் அங்கே வெல்டர்.

"அண்ணா, வியாழக்கிழமை லீவு போட முடியுமா? புத்தூர்ல ஒரு டாக்டரைப் பாக்கணும். வீட்டு ஆள் ஒருத்தர் வந்தா நல்லதுன்னு சொன்னாங்க."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மோவாயைச் சரி பண்ணிக்கலாம்னு இருக்கேன். ஆபரேஷன்."

பல் பிடுங்கப் போகிறவள் மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜெய்சங்கர் "சரி, வரேன்" என்றான்.  ஆனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிவிட்டான்.

அனுசுயா அவனுடைய ஒரே தங்கை. முப்பத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் பெற்றோர் விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறாள். தென்னூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினான்கு வருஷமாக வேலை. உள்ளே வருகிறவரின் முகத்தை ஒருமுறை பார்த்தாலே போதும், எந்த ஃப்ரேம் பொருந்தும் என்று எடுத்து வைத்துவிடுவாள். அவள் முகத்தில் மோவாய் மட்டும் முன்னால் நீண்டு, நுனி லேசாக மேலே வளைந்திருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான். அவர் தாடி வளர்த்து மறைத்துக்கொண்டார்.

கொரோனா காலத்தில் இரண்டு வருஷம் முகக்கவசத்தோடு வேலை பார்த்தாள். கடைக்கு வந்த பெண்கள் "உங்க கண்ணு எவ்வளவு அழகா இருக்கு" என்று சொன்னார்கள். முகக்கவசத்தைக் கழற்றிய பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. வாடிக்கையாக வரும் ஒரு அம்மா அவளை அடையாளம் தெரியாமல், "முன்னாடி இங்க இருந்த பொண்ணு எங்கம்மா, நின்னுட்டாளா?" என்று அவளிடமே கேட்டாராம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜெய்சங்கரால் சிரிக்க முடியவில்லை.

அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அவன் யாரிடமும் சொல்லாத காரணம்.

அவன் எட்டாம் வகுப்பும் அவள் நாலாம் வகுப்பும் ஒரே ஸ்கூலில் படித்தார்கள். ஒருநாள் மத்தியான இடைவேளையில் கூடப் படிக்கும் பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு கேலி செய்தார்கள். அவன் டவுசரில் அம்மா போட்டிருந்த ஒட்டுத்துணிதான் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அனுசுயா மைதானத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். அவன் வீட்டில் மறந்துவிட்டு வந்த டிபன் டப்பா அவள் கையில் இருந்தது.

"அங்க பாருங்கடா, அரிவாள் நடந்து வருது" என்றான் ஜெய்சங்கர்.

எல்லாரும் திரும்பினார்கள். சிரிப்பு அவனை விட்டுவிட்டு அவள் மேல் போய் விழுந்தது. என்னவென்று புரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒரே வாரத்தில் ஸ்கூல் முழுக்க அவள் பெயர் அரிவாள் ஆகிவிட்டது. கரும்பலகையில் படம் போட்டார்கள். அவள் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அம்மா ஜெகதாம்பாள் நேரே தலைமையாசிரியரிடம் போய் நின்றார். எட்டாம் வகுப்பில் விசாரணை நடந்தது. சத்தமாகக் கத்தியவன் என்று யாரோ இளவரசனைக் காட்டிக்கொடுத்தார்கள். இளவரசன் அவர்களுக்குத் தூரத்து உறவு. இரண்டு கையிலும் பிரம்படி வாங்கினான். அடி விழும்போது ஒரு தடவை ஜெய்சங்கரைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. ஜெய்சங்கர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதோடு முடிந்திருந்தால்கூட, சின்ன வயதுத் தப்பு என்று அவன் மனதைத் தேற்றியிருப்பான். அனுசுயாவுக்கு இருபத்தைந்து வயதானபோது வந்து பெண் பார்த்தவர்கள் எல்லாரும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிப் போனார்கள். அப்போது ஒரு வரன் தானாகத் தேடி வந்தது. இளவரசன். மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் சூப்பர்வைசராக இருந்தான். "சின்னப் புள்ளையிலேருந்து தெரிஞ்ச பொண்ணு, எனக்குப் புடிச்சிருக்கு" என்று சொல்லியனுப்பியிருந்தான்.

"எனக்கு அரிவாள்னு பேர் வெச்சவனுக்கா நான் கழுத்தை நீட்டணும்?" என்றாள் அனுசுயா. அம்மாவும் "அந்தப் பயலுக்கு என்ன துணிச்சல்" என்றார். ஜெய்சங்கர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மனைவி ஜோதி பக்கத்தில் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். மறுவருஷம் இளவரசனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ஜெய்சங்கர் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் திரும்பினான்.

வியாழக்கிழமை புத்தூர் மருத்துவமனையில் டாக்டர் நிதானமாக விளக்கினார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகப் பொருந்துவதால் தாடையைத் தொட வேண்டியதில்லை. வாய்க்குள்ளேயே கீறி, மோவாய் எலும்பை மட்டும் வெட்டிப் பின்னால் நகர்த்தி, சின்னத் தகடு வைத்து முடுக்க வேண்டும். வெளியே தழும்பு தெரியாது.

"கீழ் உதடு சில மாசம் மரத்துப் போகலாம். ரொம்பச் சிலருக்கு அது அப்படியே நின்னுடும். அதை யோசிச்சுக்கங்க. இதைப் பண்ணிக்கலைன்னா உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லம்மா. யாராவது சொல்லி வந்தீங்களா?"

"இல்லைங்க டாக்டர். நானாத்தான் வந்தேன்."

ஜெய்சங்கர் நாற்காலியில் நெளிந்தான். டாக்டர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்து அனுப்பினார்.

பைக்கில் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் அனுசுயா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பக்கவாட்டில் எடுத்த படம்.

"பாருண்ணா. இளவரசன் சரியாத்தான் பேர் வெச்சிருக்கான். அப்படியே அரிவாள்."

"இளவரசன் வெக்கல, அனு."

"பின்ன?"

"நான்தான் வெச்சேன்."

அவள் படத்தை இறக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். டவுசர் ஒட்டு, டிபன் டப்பா, பிரம்படி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனது வரை. சொல்லச் சொல்ல அழுதான். "இந்த ஆபரேஷன் வேண்டாம் அனு. என்னாலதானே உனக்கு இப்படி ஒரு நெனப்பு. உன் மூஞ்சில ஒரு குறையும் இல்ல" என்றான்.

அனுசுயா படத்தை உறையில் போட்டாள். 

"அம்மா சாகுற வரைக்கும் அவனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்க" என்றாள். "ஏன் இப்ப சொல்ற?"

"நீ ஆபரேஷன் வரைக்கும் போவேன்னு நான் நெனைக்கல."

"அப்ப நான் பண்ணிக்கிட்டா அது உன் பாவம். பண்ணிக்கலைன்னா உனக்கு நிம்மதி. இதுல நான் எங்கண்ணா இருக்கேன்? முப்பத்தேழு வயசுக்கு அப்புறம் நானா ஒண்ணு முடிவு பண்ணப் போறேன். அதையும் உன் கதையாக்கிட்ட."

 அவள் சொன்னது உண்மை என்று அப்போதுதான் ஜெய்சங்கருக்கே தெரிந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்று அவன் மனசு காலையிலிருந்தே ஏங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே மண்ணச்சநல்லூர் போறேன். இளவரசன் கால்ல விழுந்து..."

"போகாத." முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "அவனுக்குப் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு அவன் வீட்ல போய் என் பேரை இழுக்கப் போறியா? உன் பாரத்தை இறக்கி வெக்க இன்னொருத்தர் தலையா வேணும்? நீயே வெச்சிக்க. இப்ப கெளம்பு."

அவன் கிளம்பினான். மூன்று வாரம் அவள் அவன் ஃபோனை எடுக்கவில்லை. ஜோதியிடம் மட்டும் பேசினாள். ஜோதியிடம் அவன் நடந்ததைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "இளவரசன் வரன் வந்த அன்னைக்கு நானும் அங்கதானே நின்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

மாதம் முடிந்ததும் அனுசுயா கடையில் கூட வேலை செய்யும் யாழினியை அழைத்துக்கொண்டு போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். முடிந்த பிறகுதான் ஜோதிக்குத் தகவல் வந்தது. டாக்டரிடம் அவள், "எனக்கு என் முகம் புடிக்காமப் போனது பேரால இல்லை, கண்ணாடியால" என்று சொன்னாளாம். யாழினி சொல்லித்தான் ஜெய்சங்கருக்குத் தெரிந்தது. அதை நம்புவதா, தன்னை விடுவிக்கச் சொன்ன வார்த்தையா என்று அவனுக்குத் தெரியவில்லை. நம்ப ஆசைப்பட்டது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஜோதி காய்ச்சிக் கொடுத்த கஞ்சியோடு ஸ்ரீரங்கம் போனான். கதவைத் திறந்தாள். முகம் வீங்கி, மோவாயைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எப்படி இருக்கிறது என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் முன்பு நன்றாக இல்லை என்றாகும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுவும் தப்பாகப் படும்.

"வலிக்குதா?"

"வலி பரவால்ல. கீழ் உதடு இருக்கறதே தெரியல. கஞ்சி வழிஞ்சா எனக்குத் தெரியாது. பாத்து சொல்லு" என்றாள், வாயை அதிகம் திறக்காமல்.

அவன் எதிரே உட்கார்ந்தான். அவள் ஸ்பூனால் மெல்ல மெல்லக் குடித்தாள். இரண்டு முறை வழிந்தது. இரண்டு முறையும் சொன்னான். அவள் துண்டால் துடைத்துக்கொண்டாள்.

நாலு மாதத்தில் உதட்டில் உணர்ச்சி திரும்பியது. ஒரு ஓரம் மட்டும் இன்னும் மரத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பொன்மலையில் அவன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள். அந்தப் பேச்சை அவள் எடுப்பதில்லை. மன்னித்துவிட்டாளா என்று ஜெய்சங்கரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.