லொங்குய்யில் எரியாத வீடு

அன்டனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற வேலை. ஆனால் ஆரும் கேட்டால் ‘பத்திரிகை ஆசிரியர்’ என்றுதான் சொல்லுவார். பொய்யும் இல்லை. மாதம் இருமுறை வருகிற ‘மொன்றியல் முழக்கம்’ என்ற இலவசப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர், படம் பிடிக்கிறவர், தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் கடைகளில் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர் எல்லாம் அவரேதான். வாசகர் கடிதம் எழுதுகிறவரும் அவர்தான். அதை வெளியில் சொல்லிப்போடாதேயுங்கோ.

ஒரு குறைதான். முழக்கத்தில் வருவதெல்லாம் இணையத்தில் வெட்டி ஒட்டின செய்தி. மீன்கடை ஸ்ரீதரன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்: “உங்கடை பேப்பர் நல்ல பேப்பர் அண்ணை. மீன் சுத்தினால் ஊறாது.” சுருக்கென்று தைத்தது. ஒருதரமாவது சொந்தமாக ஒரு செய்தி, முதல் பக்கத்தில், தன் பெயரோடு வரவேணும். இல்லாவிட்டால் ஆசிரியர் என்று சொல்லித் திரிவதில் என்ன மரியாதை?

2004 மாசி மாதம். மெற்றோவில் யாரோ விட்டுப்போன லொங்குய்ய் பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் சின்ன அறிவித்தல் ஒன்று கண்ணில் பட்டது. ‘ஃபெ கிறிஸ்தோப்பர்’ குடும்பம் அயலவருக்கு நன்றி சொல்கிறதாம்.

பிரெஞ்சில் ஃபெ என்றால் நெருப்பு. அது தெரியாத அன்டனா? வேலையிடத்தில் நெருப்புப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தானே காதில் விழுகிறது! மூளை கிடுகிடுவென்று ஓடியது. வீடு எரிந்திருக்கிறது, அயலட்டை ஓடிவந்து காப்பாற்றியிருக்கிறது, குடும்பம் நன்றி சொல்கிறது. கிறிஸ்தோப்பரையும் தெரியும். முந்தி அன்டன் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த அமைதியான மனிசன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில் வீடு வாங்கிப் போனபிறகு தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கும் வருவதில்லை.

“ஒருக்கா போன் அடிச்சுக் கேளுங்கோவன்,” என்றா மனைவி ஜெயனி.

“கேட்டால் செய்தி கசிஞ்சிடும்.”

“ஆரிட்டைக் கசியும்? எரிஞ்ச வீட்டுக்காரருக்குத் தெரியாதே?”

அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆசிரியருக்கு நேரமில்லை. ‘லொங்குய்யில் தமிழர் வீடு தீக்கிரை! நமது நிருபர் அன்டன்.’ வானளாவிய தீச்சுவாலையைத் தன் கைச்சரக்காகச் சேர்த்துக்கொண்டார்.

எங்கட சனத்தைப் பற்றி என்னவும் சொல்லுங்கோ, இப்படியான நேரத்தில் கைவிடாது. பத்திரிகை வந்த ஞாயிறு, பூசை முடிய, கம்பளி, குளிர்ச்சட்டை, சட்டி பானை, அரிசி என்று நிறைத்துக்கொண்டு வான் வண்டிகள் ஆற்றைக் கடந்தன. முன்சீற்றில் கமராவும் கையுமாக அன்டன். பின்னால், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகள் ஜென்சி.

வீடு முழுசாக நின்றது. கூரையில் பனிகூட உருகவில்லை.

கிறிஸ்தோப்பரின் மனைவி றோசா கறுப்புச் சட்டையோடு கதவைத் திறந்தா.

“எங்கையக்கா எரிஞ்சது?” என்று கேட்டுக்கொண்டே அன்டன் உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் கிறிஸ்தோப்பரின் படம். அதற்கு முன்னால் ஒரு மெழுகுதிரி.

ஜென்சி அந்த அறிவித்தலை அவர் கையிலிருந்து பறித்துப் பார்த்தாள். பிறகு காதுக்குள் சொன்னாள்: “அப்பா, பெயருக்கு முன்னாலை ஃபெ போட்டால் நெருப்பில்லை. காலஞ்சென்ற எண்டு அர்த்தம்.”

அட கோதாரி! வானளாவிய தீச்சுவாலை என்று எழுதின கையை எங்கே ஒளிப்பது என்று அன்டனுக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் காதுமடல் சுட்டது. மெழுகுதிரியை விட்டால், அன்றைக்கு அந்த வளவில் எரிந்தது அது ஒன்றுதான்.

விசயம் விளங்கியதும் றோசா ஏசவில்லை. வாசலில் கம்பளியோடு நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தா.

“நானும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும்தான் தம்பி அவரை அடக்கம் செய்தனாங்கள். ஆருக்குச் சொல்லுறது எண்டும் எனக்குத் தெரியேல்லை. செத்த வீட்டுக்கு எங்கடை சனம் ஒருத்தரும் இல்லை. எரிஞ்ச வீட்டுக்கு இவ்வளவு பேரோ?”

பிறகு பெண்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கொண்டுவந்த பானையிலேயே கொண்டுவந்த அரிசியைப் போட்டு உலை வைத்தார்கள். ஒருத்தி செபமாலையை எடுத்தா. அன்டன் கமராவை வண்டிக்குள் எறிந்துவிட்டு வந்து றோசாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கிறிஸ்தோப்பர் எங்கே பிறந்தவர், என்ன வருத்தம் வந்து போனவர், கடைசியாக என்ன கதைத்தவர் என்று மெல்ல மெல்லக் கேட்டார். இவ்வளவு காலப் பத்திரிகைத் தொழிலில் ஒரு மனிசரிடம் நேரே போய்க் கேட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த இதழின் முதல் பக்கம் முழுக்கக் கிறிஸ்தோப்பரின் கதை. அதற்கு மேலே, பெரிய எழுத்தில், அன்டனின் பெயரோடு இப்படி வந்தது:

‘திருத்தம். லொங்குய்யில் தீ விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆசிரியருக்குப் பிரெஞ்சு தெரியாது. வீடு அப்படியே இருக்கிறது. கிறிஸ்தோப்பர்தான் இல்லை.’