பாதி விரித்த கவுதி

போன மாதம் ஆபீஸ் தோழி ஒருத்தியின் கல்யாணத்துக்குப் பரிசு வாங்க இந்திராநகரில் ஒரு கடைக்குப் போனேன். சுவர் முழுக்கப் பழைய கவுதிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கிழிந்த சேலை, சட்டை, பாவாடை எல்லாவற்றையும் வெட்டி அடுக்கி, கையால் நூல் ஓட்டித் தைக்கிற கனத்த போர்வைக்குக் கன்னடத்தில் கவுதி என்று பெயர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் அதுதான் பெயர். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டியிருந்தது. கோணல் தையலும் நடுவில் மாறிப்போன நூலும் குறைகள் அல்ல, அவைதான் இதன் அழகு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். கடைப் பெண் என் கையைப் பிடித்து ஒரு கோணல் தையலின் மேல் வைத்து, "ஃபீல் பண்ணிப் பாருங்க மேம்" என்றாள். நான் சூடு பட்டவள் போலக் கையை எடுத்துக்கொண்டேன். தோழிக்கு ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்தேன்.

பத்து வயதில் நான் அப்படி ஒரு கவுதியில் முப்பத்திரண்டு சிவப்பு அம்புகள் ஒட்டியவள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது நாங்கள் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். இரண்டு அறை வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துணி ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து முடித்த சட்டைகள் மலை மாதிரி மேஜைக்கு வரும். அத்தை ஒவ்வொன்றாக விரித்து, காலர், கைப்பட்டி, பக்கத் தையல் எல்லாம் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய சட்டை திரும்பத் தையலுக்குப் போகும், ஒட்டாதது கப்பல் ஏறும். அத்தை இருந்தது கடைசி மேஜை. அவளுக்குப் பிறகு பார்க்க ஆள் கிடையாது. கம்பெனியில் இருநூறு பேர் தன்னை 'ஃபைனல் அக்கா' என்று கூப்பிடுவதை அவள் எங்களிடம் அலுப்பாகச் சொல்லுவதுபோலப் பெருமையாகச் சொல்லுவாள்.

வேலை முடிந்து வரும்போது அவளுடைய சேலைத் தலைப்பிலோ மணிக்கட்டிலோ இரண்டு மூன்று அம்புகள் ஒட்டிக்கொண்டு வரும். அவை வீட்டில் வீணாகாது. சரியாகக் கழுவாத என் டிபன் பாக்ஸில் ஒன்று. பட்டன் போன அப்பாவின் சட்டையில் ஒன்று. ஒருநாள் கருகிய தோசையின் ஓரத்தில் ஒட்டிவிட, அம்மா அதை அம்போடு அப்படியே அத்தையின் தட்டில் வைத்தாள். எனக்கு இந்த விளையாட்டுப் பிடித்துத்தான் இருந்தது, என் மேல் ஒட்டாத வரைக்கும்.

என் மேலும் ஒட்டினாள். ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வாங்கிய நீலப் பாவாடையின் பின்பக்க மடிப்புத் தையல் விட்டுப்போயிருந்தது. சாயங்காலம் தைத்துத் தருவதாகச் சொல்லி, அடையாளத்துக்கு ஓர் அம்பை ஒட்டியவள், எடுக்க மறந்துவிட்டாள். நானும் கவனிக்காமல் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அன்று முழுக்க என் பெயர் டேமேஜ் பீஸ். அடுத்த ஒரு மாதத்துக்கும் அதுதான் பெயர். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் அந்தப் பாவாடை பள்ளிக்கூட வேலிக் கம்பியில் மாட்டி முழங்கால் நீளத்துக்குக் கிழிந்தபோது நான் வருத்தப்படவே இல்லை. அத்தை அதையும் துவைத்து மடித்துத் தன் கவுதிக்காக எடுத்துக்கொண்டாள்.

ஒன்றரை வருஷமாக அத்தை ஒரு கவுதி தைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மாலை வரை அதுதான். வீட்டில் கம்பளிகளுக்குக் குறைவில்லை, இது யாருக்கு என்று அம்மாவுக்குப் புரியவில்லை. கேட்டால், "சும்மாதான், கைக்கு ஒரு வேலை வேணும்ல" என்பாள். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னால், "இங்கயே நல்லா தெரியுது" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். பிடிவாதக்காரி என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

நான் பழி வாங்கியது தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. அன்று பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டார்கள். அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து கவுதியை எடுத்துக் கட்டிலில் போட்டேன். இரண்டாக மடித்திருந்தது. மேல் பாதியைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு தையல் சீரகம் அளவு, அடுத்தது புளியங்கொட்டை அளவு. நேராகப் போகிற வரிசை திடீரென்று பக்கத்து வரிசையின் மேல் ஏறியிருந்தது. நீல நூல் நடுவழியில் கறுப்பாகி, பிறகு பச்சையாகியிருந்தது. அப்பாவின் சட்டைத் துண்டொன்று உள்பக்கம் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தது. எல்லாரையும் குறை சொல்லுகிற ஃபைனல் அக்காவின் லட்சணம் இதுதானா என்று நினைத்துக்கொண்டு, அதே பெட்டியில் அவள் போட்டு வைத்திருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து ஒவ்வொரு தப்புக்கும் ஓர் அம்பு ஒட்டினேன். மடிப்பைத் தூக்கி மற்ற பாதியையும் கொஞ்சம் பார்த்தேன். அங்கே ஒட்ட ஒன்றும் அகப்படவில்லை. அலுப்பாக இருந்தது. திரும்ப மடித்துவிட்டேன்.

அத்தை தனியாக வந்திருந்தால் இது வீட்டுச் சண்டையாக, இல்லாவிட்டால் வீட்டுச் சிரிப்பாக முடிந்திருக்கும். வியாழக்கிழமை எங்கள் கோயிலுக்கு ஊரே வரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வருவார்கள். அன்று அத்தையின் சூப்பர்வைசரும் மெழுகுவர்த்தி ஏற்ற வந்திருந்தாள். அத்தையைவிடச் சின்னவள், கன்னடக்காரி, தமிழ்ப் பெண்களோடு வேலை செய்து செய்து தமிழ் பேசுவாள். அத்தை அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அம்மா அவசரமாகப் பாலை அடுப்பில் வைத்தாள். சூப்பர்வைசர் கட்டிலில் உட்கார்ந்தாள், அத்தை வாசல் பக்கம் நாற்காலியில்.

"ஏன் மரி, நீயும் அத்தை மாதிரி செக்கர் ஆகறியா?" என்று அவள் என்னைக் கேட்டாள். மரி என்றால் கன்னடத்தில் குட்டி.

இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? உள்ளே ஓடிப்போய்க் கவுதியைத் தூக்கிவந்து, கட்டிலில் அவள் பக்கத்தில், மடித்தபடியே, அம்புகள் மேலே தெரியப் போட்டேன். "அத்தை தச்சது மேடம். முப்பத்திரண்டு தப்பு. எல்லாம் நான் கண்டுபிடிச்சது" என்றேன்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரித்தாள், சூப்பர்வைசர் "சக்கத்தா, பிரமாதமா செக் பண்ணியிருக்கியே" என்று சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். பிறகு தொழில் புத்தி யாரை விட்டது. சூப்பர்வைசர் குனிந்து ஓர் அம்பைப் பார்த்தாள். பிறகு அடுத்ததை. பிறகு சிரிக்காமல் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

அத்தை நாற்காலியிலிருந்தபடியே என்னைக் கேட்டாள்: "முழுசா விரிச்சியாம்மா?"

அது அவளுடைய பழைய பாடம். முழுசாக விரித்துப் பார்க்காமல் அம்பு ஒட்டக் கூடாது, பாதி பார்த்துவிட்டு ஒட்டுகிறவள் செக்கரே இல்லை என்று நூறு தரம் சொல்லியிருக்கிறாள். மேடம் முன்னால் எனக்குப் பரீட்சை வைக்கிறாள் என்று நினைத்தேன். மார்க் போய்விடக் கூடாதே.

"விரிச்சேன் அத்தை" என்றேன்.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் கவுதியின் ஓர் ஓரத்தைத் தூக்கி அத்தையின் பக்கம் நீட்டினாள். "அக்கா, இந்த நூலு என்ன கலரு?"

அத்தை எழுந்து வந்து அதை வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "நீலம் மேடம்."

"கறுப்பு அத்தை" என்றேன் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

பால் பொங்குகிற சத்தம் கேட்டு அம்மா உள்ளே ஓடினாள். சூப்பர்வைசர் கவுதியின் ஓரத்தை அத்தையின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா அக்கா?"

"மேஜையில நான் கை வெச்சு தடவித்தான் பாக்கறேன் மேடம்" என்றாள் அத்தை. அப்படி ஒரு தாழ்ந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "இத்தனை நாள்ல ஒரு பீஸ் திரும்ப வந்துச்சா, சொல்லுங்க."

"வரல்ல அக்கா. எண்ணெய்க் கறை கைக்குத் தெரியுமா? நாளைக்கு ஒரு பீஸ் திரும்ப வந்தா ரெண்டு பேருக்கும் வேலை போகும்."

அம்மா காபியோடு வந்தபோது இருவரும் கோயில் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் நல்லவள்தான். காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனாள், என் கன்னத்தைக்கூடத் தட்டினாள்.

திங்கட்கிழமை அத்தையைக் கடைசி மேஜையிலிருந்து எடுத்து, சட்டைக்குள் அட்டை வைத்து மடிக்கிற இடத்தில் போட்டார்கள். அங்கே அவளை யாரும் ஃபைனல் அக்கா என்று கூப்பிடவில்லை. மழைக்காலத்துக்குள் தானாகவே நின்றுவிட்டாள். சர்க்கரை கண்ணுக்கு ஏறியிருக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி, அந்தத் தவக்காலத்திலேயே ஒன்றரை வருஷம் ஆகியிருந்ததும், கண்ணாடிக்கு அது அடங்காது என்றதும், அதற்குப் பிறகுதான் வீட்டுக்குத் தெரியவந்தது.

என்னை அவள் திட்டவே இல்லை. அன்று இரவு கவுதியை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளங்கையால் தடவித் தடவி அம்புகளை எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, அதற்கு மேலும் ஒன்று. நான் எண்ண விட்டுப்போனதையும் கண்டுபிடித்துவிட்டாள். "உனக்கு நல்ல கண்ணுடி" என்றாள். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன், பல வருஷங்களுக்கு. இப்போது ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறேன். அடுத்தவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை.

கவுதியை அத்தை அதன் பிறகு தொடவில்லை. ஓரம் அடிப்பது ஒன்றுதான் பாக்கி, அதைக்கூடச் செய்யவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் என்றால் ஒருநாள் தீரும், நானும் மறந்துவிட்டேன். அத்தை இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கவுதி என் அலமாரியின் மேல்தட்டில், அதே இரண்டு மடிப்பாகவே இருந்தது.

கடையிலிருந்து வந்த அன்று அதை இறக்கித் தரையில் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முழுக்க விரித்தேன். நான் அம்பு ஒட்டிய பாதி அப்படியே கோணலாக இருந்தது, அங்கங்கே பசையில் அழுக்குப் பிடித்த அம்புத் தடங்களோடு. மடிப்பைத் தாண்டியதும் தையல் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது. கடைசி இரண்டு முழத்தில் மெஷின் தோற்றுப்போகும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நேர், ஒரே வெள்ளை நூல். நிறம் மாறிப்போகாமலிருக்க வேறு நிறமே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறாள்.

கண் நன்றாக இருந்தபோது தைத்தது நேரான பாதி, கண் மங்கிய பிறகு தைத்தது கோணல் பாதி என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் கடைசி வரிசையில், மிக நேரான இடத்தில், என் நீலப் பாவாடை இருந்தது. கவுதி தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிழிந்த அதே பாவாடை, விட்டுப்போன அதே மடிப்பு. அப்படியானால் கோணல்தான் ஆரம்பம். ஞாயிறு ஞாயிறாக, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண் செய்கிற வேலையை அவள் விரலுக்குப் பழக்கியிருக்கிறாள். நான் ஸ்டிக்கர் தாளோடு வந்தபோது பழகி முடித்திருந்தாள்.

சூப்பர்வைசர் அந்தப் பாதியைப் பார்த்திருந்தால் மேஜை அவளுக்கே இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய்க் கறை விரலுக்குத் தெரியாதுதான். ஆனால் அந்த விரல்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்திருப்பாள்.

முழுசா விரிச்சியாம்மா என்று அத்தை கேட்டது எனக்கு வைத்த பரீட்சை அல்ல. நாற்காலியிலிருந்து பார்த்தால் கட்டிலில் கிடப்பது பாதியா முழுதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால், நல்ல கண் உள்ள என்னைக் கேட்டாள். நான் விரித்தேன் என்றேன். தன்னுடைய நல்ல தையலையும் பார்த்துவிட்டுத்தான் மேடம் அப்படி முடிவு செய்தாள் என்று நம்பி, அத்தை ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.