மகள் கேட்ட எண் கணிதம்

சோமனூரில் இரண்டு தறியில் தொடங்கி நாற்பது தறி வைத்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் தறி நூலைத் தொட்டே அது எவ்வளவு சன்னம், எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். சென்ற ஆண்டு, ப்ளஸ் டூ படித்த என் கடைசி மகள், கணிதப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு எண் கணிதப் புத்தகம் வேண்டும் என்றாள். "நானும் வாரேனுங்கப்பா" என்றாள். எனக்குத் தெரியாததா என்று தனியாகக் கோவைக்குப் போய், இருப்பதிலேயே தடிமனாக, தங்க எழுத்துப் போட்ட ஒன்றை வாங்கி வந்தேன்.

பிரித்தவள் சிரித்துவிட்டாள். "அப்பா, இது பேருக்கு நம்பர் பார்க்கற ஜோசியமுங்க! எனக்கு வேணுங்கறது பகா எண், வகுபடறதுன்னு கணக்குங்க."

பக்கத்தில் நின்ற என் தறிக்காரர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "நாப்பது தறி வெச்சவனுக்கு ஒரு புக்கு வாங்கத் தெரியாதா? இதுல இல்லாத நம்பரா? இதையே படி அம்மணி!" என்று கத்திவிட்டேன்.

அதன்பின் அவள் புத்தகம் கேட்கவில்லை. படிக்கிறாள் என்றே நினைத்தேன். தேர்வு நாளன்று காரை வாசலில் நிறுத்திக் கூப்பிட்டேன்.

"நான் அப்ளிகேஷனே போடலீங்கப்பா" என்றாள்.

இப்போது தறிக்காரர்களின் பிள்ளைகளைப் புத்தகக் கடைக்கு நானே அழைத்துப் போகிறேன். அவர்களே பிரித்துப் பார்த்து எடுக்கட்டும் என்று வெளியே நிற்கிறேன். மகளையும் ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறேன். "வேண்டாமுங்கப்பா" என்கிறாள்.