திரும்பத் தயங்கிய பாதம்

ஆகஸ்ட் மாதத்திலும் மிஹோவுக்குக் குளிரெடுத்தது. ஜப்பானின் குஷிரோ நகரப் பேருந்து ஓட்டுநர்களில் அவள் மட்டும் சீருடைக்குள் கம்பளி பனியன் போட்டிருந்தாள். முகம் உப்பி, முடி கொத்துக்கொத்தாய்க் கொட்டி, குரலும் கட்டையாகிவிட்டது.

"போன்ல உங்க வீட்டுக்காரர்தான் பேசுறார்னு நெனச்சேன்க்கா!" என்று டிப்போவில் சக ஓட்டுநர் ஓனோதெரா கேலி செய்தான்.

சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் ஒரு கணமும் நிம்மதியில்லை. அவளுடைய அம்மா ஐம்பத்தைந்து வயதிலேயே மறதி நோயில் விழுந்தவள். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் மிஹோ தன் தடத்தின் நிறுத்தங்களை வரிசையாக முணுமுணுத்துப் பார்ப்பாள். ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து.

பக்கத்து கிளினிக்கில், "மாதவிலக்கு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ஏறிய எடை குறையட்டும் என்று கணவர் தெத்சுயா தினமும் கடற்பாசியை ஊறவைத்து அந்தத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் கொடுத்தார்.

ஒருநாள் மணி அடித்தும் ஆஸ்பத்திரி நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிய அடுத்த ஸ்டாப்புக்கு மாத்திட்டாங்களா?" என்றார் ஒரு பெரியவர். பேருந்தே சிரித்தது. அன்று மாலை அவளாகவே சாவியை ஒப்படைத்தாள்.

கம்பெனி டாக்டர் குஸுமாகி, அவளை நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகால் தசைநாணில் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் பழைய இடத்துக்கு மெதுவாக, யோசித்து யோசித்துத் திரும்பியது. டாக்டர் மறுபடி தட்டினார்.

"மறதி நோய்தானே டாக்டர்? சொல்லிடுங்க."

"அவசரப்படாதீங்க. மலச்சிக்கல் இருக்கா? கழுத்தக் காட்டுங்க."

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை வீட்டில் இருப்புக் கொள்ளாமல், தன் பேருந்திலேயே பயணியாக ஏறி, கடைசி இருக்கையில் நிறுத்தங்களை முணுமுணுத்தபடி சுற்றினாள்.

"தைராய்டு சுரப்பி மந்தமாயிடுச்சு" என்றார் டாக்டர். "மூளை 'வேலை செய், வேலை செய்'னு கத்துது. கழுத்து காதுலயே வாங்கல. மறதி, குளிர், தூக்கம், அன்னிக்குப் பாதம் மெதுவாத் திரும்பினது எல்லாம் இதனாலதான். சரி, தினமும் என்ன குடிக்கிறீங்க?"

கடற்பாசித் தண்ணீர் என்றதும் டாக்டர் நிமிர்ந்தார். "அயோடின் அளவுக்கு மிஞ்சினாலும் சுரப்பி படுத்துக்கும். அது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா உடனே நிறுத்துங்க."

கூட வந்திருந்த தெத்சுயாவின் முகம் வெளுத்தது. "நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்த்த மிஹோ, வாரக்கணக்கில் பொறுமையில்லாமல் தவித்தாள். முதலில் வயிறு இளகியது. பிறகு குளிர் விட்டது. அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளில் அளவுகளும் தேறின. பனி விழுவதற்குள் சாவி கைக்கு வந்தது.

மிச்சக் கடற்பாசியைத் தன் அக்காவுக்குக் கொடுக்கக் கிளம்பிய தெத்சுயாவை வாசலில் மறித்தாள்.

"குடுங்க, வேணாங்கல. ஆனா சூப்புக்குன்னு சொல்லிக் குடுங்க. உடம்புக்கு நல்லதுன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க!"