லாக்கர் கதவில் ஒரு பொட்டு

என் லாக்கர் கதவின் உட்புறத்தில் மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. இந்த லாக்கர் முன்பு அக்காவுடையது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எங்கள் பேக்கிங் லைனின் சூப்பர்வைசராக இருந்தவர். எங்கள் ஊர்க் காலனிக்காரர். சாதிச் சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசைப் பாட்டுக்காரர். காலனியில் பாதிப்பேர் அப்படித்தான். மதம் மாறியதாக எழுதிவிட்டால் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீடு போய்விடும்.

பஞ்சாயத்துத் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது அக்கா வேட்புமனு போட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, காலனிச் சுடுகாட்டுக்கு ஒரு வழி. மழைக்காலத்தில் பிணத்தை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிப் போவார்கள். “சர்ச்சுல பாடறவ எப்டி இந்து?” என்று எதிர்த்தரப்பு கிளப்பிவிட்டது. கோயில் தர்மகர்த்தாவான என் பெரியப்பா, அக்கா தன் சொல்படி நடப்பார் என்று நம்பி அவர் பக்கம் நின்றார். “பொட்டு வெச்சிக்கினு கோயிலாண்ட வரச் சொல்லு. ஒரு போட்டோ நோட்டீஸ்ல வந்தா எவன் கேக்கப் போறான்?”

என் பொட்டுப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து அக்கா நெற்றியில் ஒட்டியது நான்தான். கோயில் வாசலில் அக்கா செருப்பைக் கழற்றினார். பெரியப்பா கையை நீட்டி மறித்தார்.

“அங்கியே நில்லும்மா. கோபுரம் தெரியுதில்ல, அது போதும்.”

நான் உள்ளே, படிக்கு மேல் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றும் நினைத்தால் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். அன்று ஷிப்டுக்கு வந்ததும் பொட்டைப் பிய்த்து லாக்கர் கதவில் அப்பினார்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் பாஸ்டர், “கொஞ்ச நாளைக்குப் பின்னால ஒக்காரும்மா” என்றாராம். அதன்பின் அக்கா பாடியதே இல்லை. ஜெயித்தார், வேலையை விட்டார், முதல் கிராமசபைக் கூட்டத்திலேயே சுடுகாட்டு வழியைக் கேட்டார். அது கோயில் நிலத்தின் ஓரமாகத்தான் போயாக வேண்டும். “சாமி நெலத்துல பொணம் போறதுக்கு வழியா?” என்று பெரியப்பா எழுந்துவிட்டார். மற்றவர்களும் அவர் பின்னால் எழுந்தார்கள். தீர்மானம் நிறைவேறவில்லை.

அன்று அக்கா எனக்குப் போன் செய்தார். “மனு போடறதுக்கு நான் இந்து. வழி கேட்டா காலனி. நல்லா கீதுடி.”

போன மழையில் அக்காவின் அம்மா இறந்தார். தலைவர் வீட்டுப் பிணமும் அதே தண்ணீரில்தான் போனது. நான் கோயில் மதிலோரம், காய்ந்த தரையில் நின்று பார்த்தேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

பொட்டை நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். தினமும் அந்தக் கதவைத் திறக்கிறேன், பையை வைக்கிறேன், மூடுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் போகிறேன். என்னை யாரும் மறிப்பதில்லை.